கடல் கடந்து வரும் முகம்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு, ஊரிலுள்ள அன்னையின் முகத்தைக் கைபேசியில் கண்டு பேசுவது இன்று அன்றாட வழக்கம். அந்தமானில் வாழும் நமக்கோ அவ்வசதி எளிதில் வாய்த்ததன்று.

2020-ஆம் ஆண்டுக்கு முன் இத்தீவுகளின் தொலைத்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. நிலநடுக்கோட்டின் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது அக்கோள். நாம் பேசும் சொல் அங்கே ஏறி இறங்கிச் சென்னையை அடையக் கால் விநாடி ஆகும். மறுமொழி வந்து சேர மற்றொரு கால் விநாடி. அரை விநாடி அற்பந்தானே எனலாம். ஆனால், “உடம்பு எப்படியிருக்கிறது, அம்மா?” என்று கேட்டபின் நிலவும் அவ்வரை விநாடி மௌனம், எதையோ மறைக்கிறார்களோ என்ற ஐயத்தை எழுப்பிவிடும். பதறி மீண்டும் கேட்போம். அப்போதுதான் விடை வரும். இரு குரல்களும் மோதிச் சிதறும்.

2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. அது சென்னையைப் போர்ட் பிளேருடனும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட வேறு ஏழு இடங்களுடனும் இணைத்தது. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் விரையும். ஆகவே கடலைக் கடக்க அதற்கு விநாடியில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கே போதும்.

எனினும், வடம் கரையேறியதும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. கோபுரத்திலிருந்து கைபேசி வரையுள்ள வழியைப் பலரும் பகிர்ந்துகொள்கின்றனர். மாலையில் யாவரும் ஒருசேர அழைத்தால் அவ்வழி குறுகும். இருவர் முகம் பார்த்துத் தெளிவாகப் பேச விநாடிக்குச் சுமார் 600 கிலோபிட் வேண்டும். குரலுக்கோ 100 கிலோபிட்டே மிகுதி. முகம் உறைந்து குரல் அறுபடும்போது படத்தை நிறுத்திவிட்டால், எஞ்சிய வழி முழுவதும் குரலுக்குக் கிட்டும்.

ஆதலின் வேகம் குறைந்த வேளைகளில் முதலில் முகத்தைக் கண்டு மகிழ்வோம். பின்பு படத்தை மூடிவிட்டு நலம் விசாரிப்போம். கேட்டபின் சற்றே பொறுப்போம். மௌனம் எல்லாம் மனத்தின் மௌனம் அன்று. சில வேளை அது வழியின் தாமதமே.