ஏரிக்கரை இளைஞருக்கு இன்னொரு கைத்தொழில்

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை தொன்றுதொட்டு நிலவுகின்றது. இறால் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமை முறை வைத்துச் சுழன்று வரும். சண்டையின்றிப் பகிர்ந்துண்ண முன்னோர் கண்ட நல்வழி அது. ஆயினும், பங்காளிகள் பெருகுவது போல ஏரி பெருகுவதில்லை. முகத்துவாரத்தை மணல் மூடும்போது உள்ள பங்கும் சுருங்குகின்றது.

தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எழுந்துள்ளன. கைத்தொழில் கற்றவனுக்கு அங்கே மதிப்புண்டு. கல்லாதவன் தினக்கூலியாகவே நிற்க நேரிடும். ஆகவே, நம் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிப்பது யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுகின்றது.

அரசும் தனியார் நிறுவனங்களும் இப்பொறுப்பைப் பகிர வேண்டும் என்பதே இன்றைய கொள்கை. 2007-08 முதல் நாட்டின் 1,396 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. தொழில் நிறுவனத்தார் ஒருவரின் தலைமையில் அமைந்த குழுவே அத்தொகையைக் கையாளும். 2022இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு நிலையங்களில் புதிய இயந்திரக் கூடங்களை அமைத்தது.

கூடங்கள் மட்டும் போதா. நீச்சலைக் கரையில் நின்று கற்க இயலுமோ? உண்மையான தொழிற்சாலையில் பழகினாலன்றிக் கை தேறாது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இதற்கென்றே பிறந்தது. 2016இல் தொடங்கிய திட்டத்தின்படி, பழகுநரின் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கின்றது. எஞ்சியதை நிறுவனம் தருகின்றது. பயிற்சி முடிந்து தேர்வில் வென்றவருக்கு நாடெங்கும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும்.

கடலை விட்டுப் பிரிய மனமில்லாதவர்க்கும் வழியுண்டு. சென்னை இராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை இயங்குகின்றது. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குக் கப்பல் செலுத்துதலும், கப்பல் எஞ்சின் பழுதுபார்த்தலும் இரண்டாண்டுப் பயிற்சியாக அங்கே கற்பிக்கப்படுகின்றன. கணக்கிலும் அறிவியலிலும் குறைந்த அளவு மதிப்பெண் தேவை என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்டால் இக்கதவு அடைபட்டுப் போகும்.

பெற்றோரே, எந்த நிறுவனம் பயிற்சி தருவதாக அழைத்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா? உதவித்தொகை எவ்வளவு? முடிவில் கிடைக்கும் சான்றிதழ் அரசு ஏற்றதா? இவற்றுக்கு விடையில்லையேல் அது பயிற்சியன்று, பயிற்சி என்னும் பெயரில் மலிவான கூலி வேலையே. பங்குப் பேரவைகள் ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் இவ்விவரங்களைக் குப்பங்களுக்கு எடுத்துச் செல்லலாம். விண்ணப்பம் நிரப்பவும் துணைநிற்கலாம். பாடு முறையில் எந்த வீடும் விடுபடாதவாறு முன்னோர் பார்த்துக் கொண்டனர். கல்வியின் பங்கிலும் எந்த வீடும் விடுபடலாகாது.