காப்பி இயந்திரம் வாங்குமுன்: காலையில் முதலில் எழுவது யார்?

புதுவீட்டுக்குச் சாவி வாங்கிய இரண்டாம் மாதம் நாங்கள் ஓர் எஸ்பிரசோ இயந்திரம் வாங்கினோம். 900 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஆறு மாதத் தவணை. நானும் மனைவியும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடிப்பவர்கள். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்து, “ஒரே வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம்” என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம். சமையலறை மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு அது பளபளவென்று நின்றது. வந்த விருந்தாளிகள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு குழந்தை பிறந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஈப்போவிலிருந்து அம்மா வந்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து காப்பி குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். அவர் வந்து மூன்று வாரம் இருக்கும். குப்பைப் பையைக் கட்டி எடுத்தபோது உள்ளே சின்னச் சின்ன உறைகள் கிடந்தன. கடையில் விற்கும் மூன்று-இன்-ஒன் காப்பித்தூள்.

“அம்மா, இதையா குடிக்கிறீங்க? அவ்வளவு பெரிய மிஷின் இருக்கே!”

“அது போடுற சத்தத்துல பிள்ளை முழிச்சிக்கும்பா. எந்தப் பட்டனை அமுக்குறதுன்னும் தெரியல. எனக்கு இதுவே போதும்.”

நாற்பது வருடமாக ஃபில்டரில் டிகாஷன் இறக்கிக் குடித்தவர். மகன் வீட்டில் இத்தனை விலைக்கு இயந்திரம் இருக்கும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று அதை ஈப்போவிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் சர்க்கரை அதிகமுள்ள உடனடிக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள், காப்பியின் ருசி தெரிந்த ஒரே ஆள்.

அன்று இரவு அம்மாவைச் சந்தோஷப்படுத்த நான் செய்த காரியம் இன்னும் மோசம். தேக்காவில் வாங்கிய சிக்கரி கலந்த காப்பித்தூளை அந்த இயந்திரத்தின் கரண்டியில் நிரப்பி, அழுத்திப் பொத்தானைத் தட்டினேன். இயந்திரம் முக்கியது, முனகியது. சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக ஏதோ வந்தது. வாயில் வைக்க முடியாத கசப்பு. நைசாக அரைத்த தூளும் தண்ணீரில் குழைந்துபோகும் சிக்கரியும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. தவறு இயந்திரத்தின் மீதல்ல. அது வேறொரு காப்பிக்காகச் செய்யப்பட்டது.

அதற்குப் பிறகுதான் நான் கடையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் புரிந்தன. வீட்டில் முதலில் எழுவது யார்? அவர் காப்பியில் பால் ஊற்றிக் குடிப்பவரா? ஒரே நேரத்தில் எத்தனை டம்ளர் தேவை? குடித்து முடித்த பிறகு யார் கழுவப்போகிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.

பால் தாங்குமா?

நம் வீடுகளில் முக்கியமான கேள்வி பால்தான். காப்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நீர்த்துப்போன காப்பியில் பாலை ஊற்றினால் பழுப்பு நிற வெந்நீர்தான் கிடைக்கும். கால் டம்ளர் காப்பியில் முக்கால் டம்ளர் பால் ஊற்றினாலும் மணம் நிற்க வேண்டும் என்றால், கருவி கெட்டியாக இறக்கித் தர வேண்டும். அப்படித் தருபவை நான்கு: நம் ஃபில்டர், மோக்கா பாட், எஸ்பிரசோ இயந்திரம், காப்பிக்கடைகளில் பார்க்கும் துணி வடிகட்டி.

ஃபில்டரைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று மூத்தவர்கள் கேட்கலாம். ஆனால் என் வயதுக்காரர்கள் பலருக்கு அதன் பாகங்களே தெரிவதில்லை. துளைகள் உள்ள மேல்பாத்திரம், டிகாஷன் இறங்கும் கீழ்ப்பாத்திரம், தூளை அமுக்கக் குடைபோன்ற ஒரு தட்டு, ஒரு மூடி. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. மூன்று மேசைக்கரண்டி தூளைக் குவித்துப் போட்டு, குடையால் லேசாக அமுக்கி, முக்கால் டம்ளர் கொதிநீரை மெல்ல ஊற்றி மூடிவிட வேண்டும். இரவே போட்டு வைத்தால் விடிவதற்குள் இறங்கியிருக்கும். காலையில் பாலைக் காய்ச்சினால் போதும். ஐந்து மணிக்கு எழுபவருக்கும் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கும் இதைவிட ஒத்துப்போகும் கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேல்பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளைகள் சிறியவையாகவும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். பெரிய துளை என்றால் தூள் கீழே இறங்கிவிடும், டிகாஷனும் தண்ணீராகப் போய்விடும். அளவும் முக்கியம். ஆறு டம்ளருக்கான ஃபில்டரில் ஒருவருக்கு மட்டும் தூள் போட்டால் படுகை மெலிந்து, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சின்ன ஃபில்டர்தான் சரி. துளை அடைத்துக்கொண்டால் அம்மாக்கள் மேல்பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டுவார்கள், அடைத்திருக்கும் தூள் எரிந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைக்கலாம்.

சிக்கரி பற்றி ஒரு சொல். அது காப்பியே அல்ல, வறுத்த வேர். நிறமும் கெட்டியும் கொடுக்கும். இந்தியாவில் விற்கும் கலவைகளில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது, உங்கள் பொட்டலத்தில் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாகவும் இருக்கலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று எடுப்பதற்கு முன் உறையைத் திருப்பிப் பாருங்கள். பழகிய நாக்குக்கு 80க்கு 20 நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. அம்மா 70க்கு 30 என்பார்.

மோக்கா பாட் 1933இல் இத்தாலியில் அல்போன்சோ பியலெட்டி அறிமுகப்படுத்தியது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே காப்பி. நீராவி அழுத்தத்தில் தண்ணீர் தூளின் வழியாக மேலே ஏறும். ஏறக்குறைய நம் டிகாஷன் அளவுக்குக் கெட்டி, ஆனால் ஐந்தாறு நிமிடத்தில் கிடைக்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்றது. தூளை அமுக்கக்கூடாது, தண்ணீர் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், சீறத் தொடங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். பழைய வடிவம் அலுமினியத்தில் வருவது. அது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. புது வீவக வீட்டில் இண்டக்‌ஷன் போட்டுவிட்டு, அலுமினிய மோக்கா பாட்டை ஆசையாக வாங்கி வந்து விழித்தவர்களில் என் மச்சானும் ஒருவர். எவர்சில்வரில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

காப்பிக்கடைக் கோப்பிதான் வேண்டும் என்பவர்களுக்குத் துணி வடிகட்டியும் உயரமான ஒரு பாத்திரமும் போதும். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். அந்தக் கொட்டையைப் பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள், அதனால்தான் அந்தக் கருமையும் மணமும். வெண்காப்பிக்குப் பெயர்போன எங்கள் ஈப்போவில் சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரினில் வறுப்பது வழக்கம். சர்க்கரை பூசிய கொட்டையை உங்கள் அரவை இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். துணியைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அடுத்த கோப்பியில் சோப்பு வாசம் வரும். வெந்நீரில் அலசி நன்றாக உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு நாள் மறந்தால் பூசணம்தான்.

எஸ்பிரசோ இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் அல்லது இருவர், கப்புச்சினோ பிடிக்கும், காலையில் கால்மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவதில் சந்தோஷம் உண்டு என்றால் வாங்குங்கள். ஆனால் பெட்டியில் 15 பார், 20 பார் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்பின் உச்ச அழுத்தம். எஸ்பிரசோவுக்குத் தேவை ஏறத்தாழ 9 பார். சுமார் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள். இந்தக் கணக்கு அமைவது இயந்திரத்தைவிட அரவையைப் பொறுத்தது. சரியான அரவை இயந்திரம் இல்லாமல் எஸ்பிரசோ இயந்திரம் வாங்குவது, கிரைண்டர் இல்லாமல் இட்லிக் கொப்பரை வாங்குவது போலத்தான். எங்கள் 900 வெள்ளிக் கணக்கில் அரவை இயந்திரம் இல்லவே இல்லை.

பால் வேண்டாதவர்களுக்கு

காலையில் கறுப்புக் காப்பி மட்டும் குடிப்பவர்களுக்குக் காகித வடிகட்டிக் கூம்பு நல்லது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல் மகனின் நோட்டுப் புத்தகத்து மையொற்றுத் தாளைக் கொண்டு தொடங்கி வைத்தது இது. பீங்கானிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு கூம்பு, ஒரு காகிதம், 15 கிராம் தூள், 250 மில்லி வெந்நீர். மூன்று நிமிடத்தில் தெளிவான காப்பி. காகிதத்தோடு சக்கையைத் தூக்கி எறிந்துவிடலாம், கழுவ ஒன்றுமில்லை. இதில் பால் ஊற்றினால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்.

கொழுப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. காப்பியின் எண்ணெயில் காஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது ரத்தத்தில் எல்டிஎல் கொழுப்பைக் கூட்டக்கூடியது. காகிதம் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். உலோக வலை உள்ள பிரெஞ்சு பிரஸ் விட்டுவிடும். நாளுக்கு ஒரு கப் குடிப்பவர் பதற வேண்டியதில்லை. நாலைந்து கப் குடிக்கும் அப்பாவுக்கு பிரெஞ்சு பிரஸைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்குமுன் யோசியுங்கள்.

மற்றபடி பிரெஞ்சு பிரஸ் எளிமையானது. கல்லுப்பு அளவு கொரகொரப்பான தூள், நான்கு நிமிடம், அமுக்கு, ஊற்று. நாலு பேர் வந்தால் ஒரே தடவையில் போட்டுவிடலாம். அடியில் தங்கும் சக்கையைக் கழுவுவதுதான் தொல்லை.

கேப்சூல் இயந்திரத்தில் கழுவும் வேலை இல்லை, சத்தமும் சில விநாடிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேப்சூல் 80 காசு என்று வையுங்கள். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 4 வெள்ளி 80 காசு, மாதத்திற்கு 144 வெள்ளி. இயந்திரத்தைத் தள்ளுபடியில் கொடுப்பது ஏன் என்பது அப்போது விளங்கும்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு: சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அங்கிருந்து வரும் இயந்திரத்தை அடாப்டர் மாட்டி நேரே செருகினால் முதல் காப்பியே கடைசிக் காப்பியாகிவிடும். இங்கே விற்கப்படும் மின்சாரக் காப்பிக் கருவிகளில் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

கையில் இருப்பது 100 வெள்ளிதான் என்றால்? ஒரு ஃபில்டரோ கூம்போ வாங்கி, மீதியைக் கையால் சுற்றும் அரவைக் கருவியில் போடுங்கள். பிளேடு உள்ளது வேண்டாம், அது கொட்டையை வெட்டித் துண்டும் தூளுமாக்கிவிடும். பல் உள்ள இரண்டு பாகங்களுக்கு நடுவில் நசுக்கி அரைக்கும் ‘பர்’ வகையைக் கேளுங்கள். கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்துத் திறந்து மூடினால் ஈரமும் மீன் வாசமும்தான் சேரும்.

அந்தக் குப்பைப் பை நாளுக்குப் பிறகு இரண்டு வாரத்தில் அப்பா பேருந்தில் வந்தார். பயணப் பையில் துண்டில் சுற்றிய பித்தளை ஃபில்டர். மூடியில் அம்மாவின் பெயரும் கல்யாண வருடமும் வெட்டியிருந்தது. மறுநாள் ஐந்து மணிக்கு நான் எழுந்து போனபோது சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது.

இயந்திரத்தை இணையத்தில் பாதி விலைக்கு விற்பனைக்குப் போட்டேன். வாங்க வந்தவர் பல்கலைக்கழகம் முடித்து வேலையில் சேர்ந்திருந்த இளையர். அரவை இயந்திரம் ஏற்கெனவே வைத்திருப்பதாகச் சொன்னார். “வீட்டில் முதலில் எழுவது யார் தம்பி?” என்று கேட்டேன்.

“நான் ஒருத்தன்தாண்ணே இருக்கேன்” என்றார். மின்தூக்கி வரை நானே தூக்கி வந்து கொடுத்தேன்.