கோட்டி மாளிகையின் பேகம்

சுல்தான் பஜாருக்குத் துணி எடுக்கப் போகும் நம்மவர்கள், கோட்டியில் உயர்ந்த தூண்களுடன் நிற்கும் மகளிர் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1949 முதல் பெண்கள் படித்துவரும் அந்த இடம் இன்று சாகலி ஐலம்மா பெயரில் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே வளாகத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் கைருன்னிஸா. நிஜாம் அரசவையைச் சார்ந்த உயர்குடியில் பிறந்தவர். ஆங்கிலேயக் கம்பெனியின் ரெசிடெண்டாக இங்கிருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் அவரை விரும்பி, இஸ்லாத்தைத் தழுவி மணந்தார். கிர்க்பாட்ரிக் பிறந்தது நம் சென்னையில், 1764-இல்!

இந்தத் திருமணம் பெரும் புயலைக் கிளப்பியது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ரகசிய விசாரணைக்கு உத்தரவிட்டார். 1801-இல் சென்னையில், கவர்னர் கிளைவ் முன்னிலையில் இரண்டு ராணுவ அதிகாரிகள் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். ரெசிடெண்டின் பதவி தப்பியது. ஆனால் யாரைப் பற்றி இத்தனை பேச்சோ, அந்தப் பெண் அந்த அறையில் இல்லை.

1805-இல் நான்கு வயது மகனும் மூன்று வயது மகளும் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். புறப்படுமுன் ஓவியர் சின்னரி அவர்களைச் சென்னையில் படமாக வரைந்தார். தாய் அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. அதே அக்டோபர் 15-இல் கணவரும் கல்கத்தாவில் காலமானார்.

கணவரின் கல்லறையைக் காணக் கல்கத்தா சென்றார் பேகம். அங்கே கணவரின் உதவியாளராக இருந்த ஹென்றி ரஸ்ஸலுடன் நெருக்கம் ஏற்பட்டது. விஷயம் ஹைதராபாத்தை எட்டியது. அப்போது திவானாக இருந்தவர், இன்றும் ஏரியின் பெயரால் நாம் நினைவுகூரும் மீர் ஆலம். பேகத்தின் உறவினரான அவரே ஊர் திரும்பத் தடை விதித்தார். பேகம் மசூலிப்பட்டினத்தில் தங்க நேர்ந்தது. ரஸ்ஸலோ 1808-இல் சென்னையில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

1813-இல் பேகம் மீண்டும் ஹைதராபாத்தில் இருந்தார். அதே ரஸ்ஸல்தான் அப்போது இங்கே ரெசிடெண்ட்! அந்த ஆண்டு செப்டம்பர் 22-இல் பேகத்தின் உயிர் பிரிந்தது. வயது ஏறக்குறைய 27. மனம் உடைந்ததே காரணம் என்பார் உண்டு.

இங்கே இன்னொரு பெண்ணின் நினைவு வருகிறது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் அன்புக்குரிய பிரபு ராபர்ட் டட்லியின் மனைவி ஏமி. 1560 செப்டம்பர் 8 அன்று, வேலையாட்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தவர், மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து இறந்து கிடந்தார். வயது 28. ராணியை மணப்பதற்காகக் கணவரே செய்வித்தார் என்று ஊர் பேசியது. ஜூரியோ விபத்து என்றது. தலையில் இரண்டு காயங்கள் இருந்ததாகக் கூறும் அந்த விசாரணை ஏடு 2008-இல் கண்டெடுக்கப்பட்டது. சந்தேகம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஏமியின் மரணத்துக்கு ஒரு ஜூரியாவது கூடியது. கைருன்னிஸாவின் வாழ்க்கையிலோ, விசாரணை நடந்தது அவருடைய திருமணத்துக்குத்தான். பெரிய மனிதர்களின் பதவிக்கு ஆபத்து வந்தபோது ஏடுகள் நிறைந்தன. ஒரு தாயின் நெஞ்சு புண்பட்டதற்கு ஏடு எங்கே?

பதில் மகளிடமிருந்து வந்தது. கிட்டி என்ற பெயருடன் இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பெண், பல ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலின் வீட்டில் தன் குழந்தைப் பருவ ஓவியத்தைக் கண்டு கண்ணீர் விட்டார். ஹைதராபாத்தில் உயிரோடிருந்த பாட்டி ஷரஃபுன்னிஸாவுக்குக் கடிதம் எழுதினார். பாட்டியும் பதில் எழுதினார்.

பழைய ரெசிடென்ஸி மாளிகை இப்போது புதுப்பிக்கப்பட்டுள்ளது. வளாகத்தில் அதன் சிறிய மாதிரி ஒன்றும் உண்டு. கோஷாவிலிருந்த பேகம் மாளிகையின் முகப்பைப் பார்க்க முடியாததால், அவருக்காகக் கிர்க்பாட்ரிக் அதைச் செய்வித்தார் என்று சொல்வார்கள். அடுத்த முறை கோட்டிக்குப் போகும்போது, குழந்தைகளுக்கு மாளிகையோடு அந்தத் தாயின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.