நடுநிலை வகுப்புகளில் கைவினைச் செயல்திட்டங்களும் சங்க உவமைப் பயிற்சியும் (சென்னை மேற்குப் புறநகர்ச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் கலைப்பாடம் பெரும்பாலும் மொழிப்பாடத்திலிருந்து விலகியே நிற்கிறது. களிமண் வனைதல், சிறுதேர் செய்தல், கோட்டோவியம் வரைதல் ஆகிய மூன்று செயல்திட்டங்களைப் புறநானூறு, குறுந்தொகை, நெடுநல்வாடை ஆகியவற்றின் உவமைகளோடு இணைத்துக் கற்பிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கைத்தொழிலைப் பிறப்போடு பிணைக்க முயன்ற கல்வித் திட்டம் ஒன்றைத் தமிழகம் கண்டுள்ளது. ஆதலின், அப்பிணைப்பு மீண்டும் நுழையாதவாறு இச்செயல்திட்டங்களை அமைக்கும் நெறியும் எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கைவினை, செயல்திட்டம், உவமை, கலைக்கல்வி, நடுநிலை வகுப்பு.

முன்னுரை

2009ஆம் ஆண்டின் இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளில் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது. அவ்வெண்ணிக்கையை எட்டாத பள்ளிகளில் கலைப்பாடம் வகுப்பாசிரியரின் பொறுப்பாகவே அமைதல் கூடும். அவர் தமிழாசிரியராக இருப்பதும் உண்டு. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடைபெறும் கலைத் திருவிழா மாணவர் திறனுக்கு மேடை அமைத்துத் தந்துள்ளது. எனினும் போட்டி என்பது திறன் வெளிப்பட்டோரை முன்னிறுத்துவது. திறன் இன்னும் வெளிப்படாத மாணவருக்கு வகுப்பறையே இடம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மேற்குப் புறநகர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை முதலியவற்றைச் சுற்றி வளர்ந்த பகுதி. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இங்குப் பயில்கின்றனர். ‘ப்ராஜெக்ட்’ என்றாலே கடையில் அச்சிட்ட படங்களை வாங்கிச் சார்ட் தாளில் ஒட்டுதல் என்னும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. இதனால் வாங்க இயலாத மாணவர் பின்தங்குகிறார்; வாங்க இயன்ற மாணவரோ எதையும் செய்து அறிவதில்லை. பின்வரும் மூன்று செயல்திட்டங்களும் விலைகொடுத்து வாங்க வேண்டாத பொருள்களைக் கொண்டு அமைவன.

களிமண்ணும் புறநானூறும்

கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாடலில் (புறம். 32), வேட்கோச் சிறார் திகிரியில் வைத்த பசுமண் திரள் அவர் கருதிய உருவத்தைக் கொள்வதுபோல, நாடு அரசன் கருதிய முடிவைக் கொள்ளும் எனக் கூறப்படுகிறது. இவ்வுவமையின் உயிர் ‘பசுமண்’ என்னும் சொல்லில் உள்ளது. பசுமையை நிறமாக மட்டும் அறிந்த மாணவர் இதனைப் பச்சைநிற மண் எனக் கொள்ள இடமுண்டு. ஈரம் புலராத, இன்னும் உருவேற்கும் நிலையிலுள்ள மண் என்பதே இங்குப் பொருள்.

இப்பொருளைக் கை எளிதில் உணர்த்திவிடும். மண்ணைச் சலித்து, நீர் தெளித்துப் பிசைந்து, காற்றுக் குமிழிகள் நீங்கும்வரை அடித்துப் பதப்படுத்தல் முதற்பணி. பதமான மண்ணில் ஒரு பகுதியை முதல்நாளே எடுத்து வெயிலில் உலர்த்தி வைத்திருத்தல் வேண்டும். மாணவர் இரண்டையும் வளைத்துப் பார்க்கின்றனர். உலர்ந்தது முறிகிறது, ஈரமானது வளைகிறது. பின்னர் மண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, இணைப்புகளைக் குழைமண்ணால் பூசிச் சிறு கலம் செய்யலாம். கவிழ்த்த தட்டின்மீது திரளை வைத்து ஒரு கையால் சுழற்றினால், திரள் நடுவில் அமையாதபோது கலம் கோணுவதையும் காணலாம். செய்த கலத்தை நிழலில் உலர்த்த வேண்டும். கடுவெயிலில் மேற்புறம் விரைந்து சுருங்குவதால் வெடிப்புத் தோன்றும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் பாடலைப் படிக்கும் மாணவருக்கு, மண்ணின் பதமும் வனைவோரின் தேர்ச்சியும் சேர்ந்தே உருவம் பிறக்கிறது என்பது தெளிவாகும். அரசனின் ஆற்றலை மட்டுமன்றி, அவன் கருத்துக்கு இசையும் நாட்டின் நிலையையும் அவ்வுவமை சுட்டுவதை அவர் தாமே கூற இயலும்.

சிறுதேரும் குறுந்தொகையும்

இப்பாடலில் குயவரின் திகிரி தேர்க்கால் என்ற பெயராலேயே சுட்டப்படுகிறது. ‘கால்’ என்பது சக்கரத்தைக் குறித்த இவ்வழக்கு, அடுத்த செயல்திட்டத்துக்கு வழிவிடுகிறது.

குறுந்தொகை 61ஆம் பாடலில், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் கையால் இழுத்து இன்புறும் சிறுவரைத் தும்பிசேர் கீரனார் உவமையாக்குகிறார். தலைவனைக் கூடி மகிழாவிடினும் அவனது நட்பை எண்ணி மகிழ்வதாகத் தோழி கூறுவதே பாடலின் பொருள். பொதியட்டை, குப்பி மூடிகள், ஈர்க்கு, நூல் ஆகியவற்றைக் கொண்டு இத்தேரைச் செய்யலாம். மூடியில் துளையிடுவதை ஆசிரியர் செய்தல் நலம். துளை நடுவில் அமையாவிட்டால் தேர் தள்ளாடும். அச்சு இறுகினால் உருளாது. அச்சின் முனையில் ஆணி செருகாவிட்டால் சக்கரம் கழன்று விழும். கழன்ற சக்கரத்தைக் கையில் ஏந்தி நிற்கும் மாணவரிடம் வினைத்திட்ப அதிகாரத்து அச்சாணிக் குறளைக் (குறள் 667) கூறினால், உருவத்தின் சிறுமை கண்டு இகழலாகாமைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நுங்கு வண்டி, பனங்காய் வண்டி எனத் தத்தம் ஊர்வழக்குகளை மாணவர் நினைவுகூரவும் இது வாய்ப்பாகும்.

கோட்டோவியமும் நெடுநல்வாடையும்

அணிகலன் களைந்து, கணவன் பிரிவில் வருந்தியிருக்கும் அரசியை நக்கீரர் நெடுநல்வாடையில் ‘புனையா ஓவிய’த்துக்கு உவமிக்கிறார். வண்ணம் தீட்டாது வடிவை மட்டும் கோட்டால் அமைத்த சித்திரம் என நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் காண்பார். முன்னர்த் தாம் வனைந்த கலத்தையே மாணவர் வண்ணமின்றி, கோட்டால் மட்டும் வரைய வேண்டும். வண்ணம் பல குறைகளை மறைக்கும். கோடு எதனையும் மறைப்பதில்லை. விளிம்பின் வளைவும் அடியின் பருமனும் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்பதை உணர்ந்தபின், புனையா ஓவியம் குறைபட்ட ஓவியமன்று, வடிவம் நிறைந்து புனைவை நோக்கி நிற்கும் ஓவியம் என மாணவர் அறிவர். அரசியின் நிலையும் அத்தகையதே.

பிறப்பும் கைவினையும்

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. ஆனால் 1953இல் சென்னை மாநிலத்தில் சி. இராசகோபாலாச்சாரி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. ‘குலக்கல்வி’ எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. பள்ளியில் கைத்தொழில் என்றவுடன் தமிழகப் பெற்றோரிடம் எழும் ஐயத்துக்கு இவ்வரலாறு காரணமாகும். அவ்வையம் நியாயமானதே.

மேற்கண்ட பாடல்களும் வேட்கோச் சிறார், தச்சன் எனத் தொழில்வழிப் பெயர்களையே ஆள்கின்றன. வகுப்பறை இப்பிணைப்பை அவிழ்க்க வேண்டும். அதற்கு மூன்று நெறிகள் இன்றியமையாதன. முதலாவது, எல்லா மாணவரும் எல்லா வேலைகளையும் செய்தல். மண் பிசைவோர், வரைவோர் எனப் பிரித்தலாகாது. இரண்டாவது, எந்த மாணவரிடமும் குடும்பத் தொழிலை வினவாதிருத்தல். மூன்றாவது, செய்பொருளின் அழகுக்கன்றிச் செய்முறைக் குறிப்புக்கு மதிப்பெண் வழங்குதல். பிசைதல், திரித்தல், வனைதல், செருகுதல், கோட்டுதல் எனத் தாம் செய்த வினைகளைப் பத்து வரிகளில் எழுதும்போது, அச்சொற்கள் ஒரு குழுவாரின் உடைமையாக இராமல் மாணவர் அனைவருக்கும் உரிய தமிழாகின்றன. வீட்டில் பிறமொழி பேசும் மாணவருக்கும், கையிலுள்ள பொருளே சொல்லின் பொருளைக் காட்டிவிடுகிறது.

முடிவுரை

செய்தல் முன்னும் படித்தல் பின்னுமாக அமைவதே இம்முறையின் அடிப்படை. பாடலை முதலில் விளக்கிவிட்டால் கைவேலை வெறும் எடுத்துக்காட்டாகச் சுருங்கும். கை முதலில் அறிந்தால் மாணவரே உரையாசிரியராவர். கலையாசிரியர் இல்லாத சிறு பள்ளியிலும், தமிழாசிரியர் ஒருவர் வாரம் இரு பாடவேளைகளில் இதனை நிகழ்த்தலாம். குயவரும் தச்சரும் அறிந்திருந்த நுட்பத்தைப் புலவர்கள் பொதுமொழியில் உவமையாக்கினர். அந்நுட்பத்தை இன்று எல்லாக் குழந்தைகளின் கைக்கும் கொண்டு சேர்ப்பது தமிழ்க் கல்வியின் கடமையாகும்.