இலுப்பை, வேப்பெண்ணெய்களைக் கொண்டு வீட்டில் சோப்பு செய்யும் விதம்

வேப்பமரம் இல்லாத தெருவும் புங்கமரம் இல்லாத வாய்க்கால் கரையும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரிது. பழைய தோப்புகளிலும் கோயில் நிலங்களிலும் இலுப்பை மரங்கள் இன்னும் நின்று பலன் தருகின்றன. மண்ணெண்ணெயும் பிறகு மின்சாரமும் வருவதற்கு முன் இலுப்பெண்ணெய் விளக்கெரிப்பதற்கு மிகுதியாய் வேண்டியிருந்தமையால், ஆனி ஆடி மாதங்களில் உதிரும் கொட்டைகளைப் பெண்டிரும் பிள்ளைகளும் தவறாமல் பொறுக்கி வந்தனர். விளக்குக்கு அவ்வெண்ணெய் வேண்டாமற் போனபின் கொட்டைகள் மரத்தடியிலேயே கிடந்து முளைத்தும் மக்கியும் போகின்றன. அதே குடும்பத்தார் குளிக்கவும் துணி வெளுக்கவும் மாதந்தோறும் கடையில் சோப்பு வாங்குகின்றனர். மரத்தடியில் வீணாகும் பொருளைக் கொண்டே அத்தேவையின் பெரும் பகுதியைத் தீர்த்துக்கொள்ளக் கூடும். ஆயினும் இவ்வேலையில் கையாள வேண்டிய காஸ்டிக் சோடா அஜாக்கிரதையைப் பொறுக்காத வஸ்து. அதன் அளவு தவறினால் சோப்பு தோலைப் புண்ணாக்கும். அதன் நீர் தெறித்தால் கண்ணே போய்விடும். ஆகையால் முறையை முழுவதும் அறிந்துகொண்ட பின்னரே இதில் இறங்குவது உசிதம்.

சோப்பு செய்யாமலே அழுக்கை நீக்கும் பண்டங்களும் நம் நாட்டில் உண்டு. சீயக்காய், பூந்திக்கொட்டை, கொங்கு நாட்டார் அரப்பு என்று வழங்கும் உசிலை இலைத்தூள் ஆகியவற்றில் சபோனின் என்னும் நுரைக்கும் சத்து இயற்கையாகவே அமைந்திருக்கிறது. தலைமுடிக்கு இவையே போதும். காரம் மிகுந்த சோப்பைத் தலைக்குத் தேய்ப்பதைவிட இவற்றைத் தேய்ப்பது நன்று. சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைப்பதற்குப் பயன்படுத்திவந்த உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. அதனைச் சுண்ணாம்புடன் சேர்த்துத் தெளிய வைத்து இறுத்தால் காஸ்டிக் சோடா நீர் கிடைக்கும். விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரில் இருப்பது வேறொரு காரம். அதனால் கட்டியான சோப்பு அமையாது, களிபோன்ற சோப்பே கிடைக்கும். இவ்விரண்டு நீர்களிலும் காரத்தின் அளவு மண்ணுக்கு மண், விறகுக்கு விறகு வேறுபடும். அளவு தெரியாத காரத்தைக் கொண்டு உடம்புக்குத் தேய்க்கும் சோப்பு செய்வது சரியன்று. கடையில் நிறுத்து வாங்கும் காஸ்டிக் சோடாவே இதற்குத் தகுந்தது.

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்த பொருள் என்பதைப் பிரெஞ்சு தேசத்து ரசாயன அறிஞராகிய செவ்ரல் விளக்கி, 1823-ல் நூலாகவும் வெளியிட்டார். காஸ்டிக் சோடா நீருடன் எண்ணெய் சேரும்போது அவ்விணைப்புப் பிரிகிறது. அமிலங்கள் சோடாவுடன் கூடிச் சோப்பாகின்றன. கிளிசரின் தனித்து நிற்கிறது. பெரிய ஆலைகளில் கிளிசரினை வேறு உபயோகத்துக்காகப் பிரித்தெடுத்துவிடுவது வழக்கம். வீட்டில் காய்ச்சாமல் செய்யும் சோப்பில் அது அப்படியே தங்கிவிடுவதால் தோல் அவ்வளவாக வறளுவதில்லை.

இத்தொழில் நம் பகுதிக்குப் புதியதும் அன்று. சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் கவனித்துவந்த சென்னை மாகாண மீன் துறையின் முயற்சியால் 1914-ல் மலையாள ஜில்லாவில் சோப்பு செய்யும் வேலை தொடங்கியது. கோழிக்கோட்டுச் சோப்பு ஸ்தாபனத்தின் மூலம் அதுவே.

இனி எண்ணெய்களின் குணத்தைக் கவனிப்போம். தேங்காயெண்ணெய்ச் சோப்பு கெட்டியாக இறுகும். உப்பு நீரிலும் நுரைக்கும். கிணற்று நீர் கடுமையாக உள்ள ஊர்களில் இக்குணம் மிகவும் வேண்டற்பாலது. ஆனால் தேங்காயெண்ணெய் ஒன்றையே கொண்டு செய்த சோப்பு தோலிலுள்ள பசையை முற்றும் எடுத்துவிடும். இலுப்பெண்ணெய்ச் சோப்பு சிறு நுரையாக, ஆனால் நின்று நுரைக்கும், தோலுக்கும் இதமானது. வேப்பெண்ணெய்ச் சோப்பின் வாசனையை எல்லோரும் விரும்புவதில்லை. பத்தில் ஒரு பங்குக்குமேல் சேர்த்தால் வீட்டில் பிறர் தொடமாட்டார்கள். புங்கெண்ணெய் கறுத்த நிறமும் கசந்த மணமும் உடையதாதலால் துணிச் சோப்புக்கே ஏற்றது. சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்தால் நுரை நன்றாகப் பிடிக்கும்.

எண்ணெயின் தரம் செக்கடியில் தீர்மானமாவதில்லை. கொட்டை பொறுக்கும் இடத்திலேயே தீர்மானமாகிறது. மழையில் நனைந்து இரண்டு வாரம் கிடந்த கொட்டையிலும், சதையோடு குவித்து வைத்த வேப்பம் பழத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். அவற்றின் எண்ணெய் புளித்துக் கறுக்கும். வேப்பம் பழத்தை அன்றன்றே பொறுக்கி, நீரிலிட்டுப் பிசைந்து சதையை நீக்கி, கொட்டையை நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி உலர்த்த வேண்டும். இலுப்பைக் கொட்டையின் ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, கையில் ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை காயவைக்க வேண்டும். இலுப்பைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் உண்டு. செக்கில் அதில் ஒரு பகுதி பிண்ணாக்கிலேயே நின்றுவிடும். ஆட்டிய எண்ணெயை ஒரு வாரம் தெளிய வைத்து, மண்டியை நீக்கி, துணியில் வடிகட்டிக் கொள்க. புறம்போக்கில் நிற்கும் மரங்களின் பலனை எடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ விசாரித்து அனுமதி பெறுவது முறை. குத்தகைக்கு விட்ட மரத்தடியில் கொட்டை பொறுக்கப் போய் வழக்கில் முடிந்தால், அச்சோப்பு மிகவும் விலை உயர்ந்ததாகிவிடும்.

எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு காஸ்டிக் சோடா போதும் என்று நினைப்பதே பலரும் செய்யும் தவறு. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் சோடா வேண்டும். வேப்பெண்ணெய்க்கு 139, இலுப்பெண்ணெய்க்கு 136, ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராம் அளவில் போதும். உதாரணமாக, தேங்காயெண்ணெய் 600 கிராம், இலுப்பெண்ணெய் 250 கிராம், வேப்பெண்ணெய் 100 கிராம், ஆமணக்கெண்ணெய் 50 கிராம் ஆக ஒரு கிலோ எண்ணெயை எடுத்துக் கொள்வோம். இவற்றுக்கு முறையே 110, 34, 14, 6 கிராம் சோடா வேண்டும். மொத்தம் 164 கிராம். இதில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்து 156 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். இவ்வாறு குறைப்பதால் சிறிது எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும், காரம் மிஞ்சாது. இதற்கு ஜலம் 350 கிராம். மழைநீர் அல்லது வடிநீர் உத்தமம்.

இப்பொழுது ஒரு குடும்பத்தார் தேங்காயெண்ணெய் கிடைக்காமல், அதற்குப் பதிலாக இலுப்பெண்ணெயையே முழுவதும் ஊற்றி, சோடாவை மாத்திரம் மேற்கூறிய 156 கிராமாகவே வைத்துக்கொண்டார்கள் என்று கொள்வோம். அவ்வெண்ணெய் ஏற்கக்கூடியது 136 கிராமே. எஞ்சிய 20 கிராம் காரம் சோப்பிலேயே நிற்கும். பார்வைக்கு வெண்மையாய், கெட்டியாய், அழகாகவே இருக்கும். குழந்தையின் உடம்பில் தேய்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். எண்ணெயை மாற்றினால் சோடாக் கணக்கையும் மாற்றியே தீர வேண்டும். படியால் அளப்பதும் கண்மதிப்பாய்ப் போடுவதும் இங்கே உதவா. எண்ணெய், சோடா, ஜலம் மூன்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து வலிமை குன்றும் இயல்புடையது. ஆகவே மூடி இறுகிய டப்பாவில் வைத்து, உலர்ந்த சில்லுகளாக இருப்பதையே உபயோகிக்க வேண்டும். சலவைச் சோடாவையும் சமையல் சோடாவையும் பெயரொற்றுமை கருதி இதற்குப் பதிலாகப் போடுவோர் உண்டு; அவற்றைக் கொண்டு இம்முறையில் எண்ணெய் சோப்பாகாது.

அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் சோடா அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரமோ, கெட்டியான பிளாஸ்டிக் வாளியோ கொள்ளலாம். வேலை செய்யுமிடம் திறந்த திண்ணையாகவோ காற்றோட்டமான தாழ்வாரமாகவோ இருத்தல் வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் அருகில் வரக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்வதை வீண் ஆடம்பரம் என்று எண்ணலாகாது. ஜலத்தை முதலில் பாத்திரத்தில் ஊற்றி, அதில் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். சோடாவின்மேல் ஜலத்தை ஊற்றினால் கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். கலக்கும்போதே நீர் கைவைக்க இயலாத அளவுக்குச் சூடேறும். அப்போது எழும் ஆவியை முகர்தல் கூடாது.

கார நீரும் எண்ணெயும் இளஞ்சூட்டுக்கு வரட்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூட்டை அறியலாம். விரலை உள்ளே விடலாகாது. மார்கழி தை மாதங்களில் தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும் உறைந்திருக்குமாதலால் அவற்றைச் சற்று உருக்கிக்கொள்ள வேண்டும். பின்னர்க் கார நீரை எண்ணெயில் நூல்போல் ஊற்றிக்கொண்டே மரத்துடுப்பால் கலக்குக. ஒரே திசையில் கிண்டாவிட்டால் சோப்பு கெட்டுவிடும் என்று சொல்வதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை; அடிவரை இடைவிடாமல் கலங்கினால் போதும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் கலவை தோசைமாவுப் பதத்துக்கு வரும். துடுப்பைத் தூக்கிச் சொட்டவிட்டால் சொட்டிய கோடு மேலே சிறிது நேரம் அழியாமல் நிற்பதே பதம். அப்போது மெழுகுத்தாள் விரித்த பலகைப் பெட்டியில் ஊற்றிச் சாக்கால் மூடி ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் கையுறையுடன் எடுத்துக் கம்பியால் துண்டு போடுக. மேலே வெண்மையாய்ப் படியும் தூள் காற்றுப் பட்டதால் உண்டான சோடா உப்பு, சீவிவிடலாம்.

துண்டுகளை நிழலில், ஒன்றோடொன்று ஒட்டாமல், நான்கு முதல் ஆறு வாரம் ஆறவைக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களே நட்டமடைகின்றனர். மூன்றாம் நாளே எடுத்துத் தேய்த்த சோப்பு எரிச்சல் தருவதுமன்றி, ஈரம் வற்றாமையால் ஒரு வாரத்தில் கரைந்தும் போகும். காரம் மிஞ்சியிருக்கிறதா என்று அறிய மஞ்சள் தடவிப் பார்ப்பது பயனற்ற சோதனை. நல்ல சோப்பின் நீரும் மஞ்சளைச் சிவக்கச் செய்யும். சுண்ணாம்பு பட்டு மஞ்சள் குங்குமமாவது போன்றதே அதுவும். பள்ளிக்கூட ரசாயனசாலைகளில் கிடைக்கும் பினாப்தலீன் சாராயக் கரைசலில் ஒரு துளியைச் சோப்பின் புதிதாக வெட்டிய முகத்தில் விட்டு, செந்நிறம் தோன்றுகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்கது. ஆறு வாரத்துக்குப் பின்னும் ஆழ்ந்த செந்நிறம் தோன்றினால் அச்சோப்பை உடம்புக்கு உபயோகிக்காமல், துருவி, கணக்கிட்ட எண்ணெயும் ஜலமும் சேர்த்து மிதமான சூட்டில் மறுபடி கிளறி இறுகவிடலாம்.

மஞ்சள், வேப்பிலைத்தூள், குப்பைமேனி, துளசி முதலியன சேர்ப்பதில் குற்றமில்லை. கிலோவுக்கு ஒரு கரண்டிக்கு மேற்படாமல் சேர்க்கலாம். பச்சை இலையின் நிறம் காரம் பட்டுப் பழுப்பாகிவிடும். சோப்பு உடம்பில் தங்குவது சிறிது நேரமே ஆகையால், அம்மூலிகைகளால் சொறியும் படையும் நீங்கும் என்று எதிர்பார்த்து வைத்தியத்தைத் தாமதப்படுத்தக் கூடாது.

கார நீரைக் குடிநீர் டம்ளரிலோ சொம்பிலோ ஒரு நிமிஷமும் வைக்கலாகாது. தெளிந்த நீர்போலவே தோன்றுவதால் பிள்ளைகள் தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடக் கூடும்; குடித்தவரின் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து சுருங்கிவிடும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வாந்தி எடுத்தால் காரம் இரண்டாம் முறையும் சுடும். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்துச் சுத்த ஜலத்தை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவி, பிறகு வைத்தியரிடம் செல்க. எலுமிச்சம் பழச்சாற்றையோ காடியையோ கண்ணில் விடலாகாது. சோப்பு செய்யத் தொடங்குமுன் ஒரு குடம் ஜலம் அருகில் நிறைந்திருக்கட்டும்.

செலவைப் பற்றியும் உள்ளபடி சொல்ல வேண்டும். மேற்கண்ட அளவில் துண்டு போடும்போது ஒன்றரைக் கிலோ சோப்பு கிடைக்கும். ஈரம் வற்றியபின் சற்றேறக்குறைய ஒன்றேகால் கிலோ நிற்கும். தேங்காய், இலுப்பை, வேம்பு ஆகியவை சொந்தத்தில் உள்ள குடும்பத்துக்குச் சோடாவும் செக்குக் கூலியும் ஆமணக்கெண்ணெயும் மட்டுமே கைச்செலவு. எல்லா எண்ணெயையும் கடையில் வாங்கிச் செய்வோருக்கு மலிவான கடைச்சோப்பைவிட இது கூடுதலாகவே அடக்கமாகும். அவர்கள் நல்ல சோப்பு வேண்டும் என்பதற்காகச் செய்யலாமே தவிர, மிச்சம் பிடிப்பதற்காகச் செய்வது பயன்படாது. வீட்டு உபயோகத்துக்கு அப்பால் குளியல் சோப்பை விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள் இதற்குப் பொருந்தும்.

ஆட்டியபின் நிற்கும் பிண்ணாக்கையும் கழித்துவிட வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கு வயலுக்கு உரம். இலுப்பைப் பிண்ணாக்கிலும் சபோனின் உண்டு. தூளாக்கித் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது பழைய வழக்கம். அதே சத்து மீனைக் கொல்லுமாதலால், குளத்தில் வேண்டாத மீன்களை ஒழித்துப் புதுக் குஞ்சு விடுமுன் இதைப் போடுகின்றனர். அக்காரணம் பற்றியே இலுப்பைப் பிண்ணாக்கை மாடுகளுக்குத் தீனியாக வைக்கலாகாது. அதை ஊறவைத்த நீரை மீன் வளர்க்கும் குட்டையில் கலக்கவும் கூடாது.