அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு பக்கத்து அண்டம்

நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஜனவரி மாதத்தில் தெற்கே பார்த்தால், வெண்மையாக மின்னும் ஒரு பெரிய நட்சத்திரம் தென்படும். அதுதான் அகத்திய நட்சத்திரம். விஞ்ஞானிகள் கனோபஸ் என்பார்கள். அதற்குக் கீழே, சற்று வலப்புறத்தில், வெறும் கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஒரு வெண்புகை உண்டு. அது புகையல்ல, கோடானுகோடி நட்சத்திரங்களைக் கொண்ட தனி அண்டம். பெயர் பெரிய மெகல்லன் மேகம். பக்கத்து அண்டம் என்று பெயர்தான். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேர சுமார் 1,60,000 வருடங்கள் ஆகின்றன!

டில்லிவாசிகளுக்கு இதைப் பார்க்கும் பாக்கியம் இல்லை. அங்கே அது அடிவானத்துக்கு மேல் எழும்புவதே கிடையாது. தெற்கே வர வரத்தான் உயரும். நல்லேப்பிள்ளியில் சுமார் 10 பாகை, அதாவது நீட்டிய கையின் மடக்கிய முஷ்டியளவு உயரம் வருகிறது.

இந்த அண்டத்தைப் படம் பிடித்தவர்களில் ஒருவருக்கு அடித்த அதிர்ஷ்டம் உலகப் பிரசித்தம். 1987 பிப்ரவரி 24 அதிகாலை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையில் இயன் ஷெல்டன் என்ற கனடாக்காரர் மூன்று மணி நேரம் ஒளி பட வைத்த கண்ணாடித் தகட்டை, தூங்கப் போகுமுன் கழுவிப் பார்த்தார். இல்லாத இடத்தில் ஒரு பெரும் புள்ளி. தகட்டில் கோளாறோ என்று சந்தேகம். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வானத்திலும் இருந்தது! ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறிய காட்சி அது. வெறும் கண்ணுக்கு இப்படித் தெரிந்தது 1604-க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

நமது ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் கடந்து செல்லும் வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இந்த அண்டம் எழும்புவது 8 பாகைதான். தலைக்கு மேல் உள்ளதைப்போல் ஆறேழு மடங்கு காற்றைத் துளைத்து வரும் மங்கல் ஒளி. டெலஸ்கோப்பை அடிவானம் வரை சாய்த்து, அந்த ஒளியை நிறம் பிரித்துப் பதிவு செய்து ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியிட்டனர். தெற்கு வானமும் கிட்ட வேண்டும் என்று இந்த மலையைத் தேர்ந்த வைணு பாப்பு அதைப் பார்க்க இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

இன்று கண்ணாடித் தகடு வேண்டாம். இரவுப் படம் எடுக்கும் வசதியுள்ள கைபேசியே போதும் என்று துணியலாம். நிலவில்லாத இரவாக இருக்க வேண்டும். ஜனவரி நடுவில் இரவு 10 மணி, பிப்ரவரி நடுவில் 8 மணி சரியான நேரம். தெருவிளக்கை விட்டு வயல் வரப்புக்குப் போய்விட வேண்டும். தெற்கே நெல்லியாம்பதி மலைகள் அடிவானத்தைக் கொஞ்சம் விழுங்கும். ஆனாலும் அண்டம் அதற்கு மேலேதான் நிற்கும். 10, 15 விநாடி ஒளி வாங்கினால் சாம்பல் நிறத் தேமல் போல ஒன்று படத்தில் விழலாம். கையில் பிடித்து எடுத்தால் ஒன்றும் தேறாது. முக்காலி இல்லாதவர்கள் மதில்மேல் செங்கல் முட்டுக் கொடுத்து வைக்கலாம். அந்த மாதங்களில் கணவாய்க் காற்று கேமராவை ஆட்டிவிடும் என்பதால் செங்கல் இரண்டாகவே இருக்கட்டும்.