சுழலும் விதையும் கொழுந்து வாட்டும் விசிறியும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை அடுத்த மேடுகளில் வனத் திணைக்களத்தார் நட்ட பைன் மரக் காடுகளைப் பலரும் கண்டிருப்பர். வெயில் ஏறும் வேளையில் அம்மரங்களின் முற்றிய காய்கள் விரிகின்றன. அவற்றினின்று ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள இறகு விதைகள் பம்பரம்போற் சுழன்று மெல்ல இறங்குகின்றன. அதே வேளையில், தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. இவ்விரண்டையும் ஆள்வது காற்றின் ஒரே விதியாகும். அதனை அறிந்து விசிறியைப் பேணுவோர் தேயிலையின் தரத்தைக் காப்பதோடு மின்சாரச் செலவையும் குறைக்கலாம்.

விதை சுழலும் விதம்

பைன் விதையின் பாரம் ஒரு முனையிலும், மெல்லிய இறகு மறுமுனையிலும் அமைந்துள்ளன. விதை விழும்போது கீழிருந்து எதிர்க்கும் காற்று இறகைத் தாக்க, அது பாரமான முனையைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. சுழலும் இறகு காற்றைக் கீழே தள்ளுவதால் விதை விரைந்து விழாது தாங்கப்படுகிறது. அதற்குள் வீசும் காற்று அதனைத் தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் கொண்டு சேர்க்கிறது.

குளிர் நாடுகளில் வளரும் மேப்பிள் மரத்தின் விதையும் இவ்வகையினதே. நெதர்லாந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் 2009ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து, இறகின் முன்விளிம்பின்மேல் ஒரு சிறு காற்றுச்சுழி அகலாது பற்றி நிற்பதைக் கண்டனர். அச்சுழி மேற்புறத்து அமுக்கத்தைக் குறைத்து விதையைத் தாங்குகிறது. இத்தகைய விதையைப் பார்த்தே, ஒரே ஒரு தகட்டையுடைய கூரை விசிறி ஒன்று ஆஸ்திரேலியாவில் ஆக்கப்பட்டது.

தேயிலையிற் பிறந்த விசிறி

விதையைக் காற்று சுழற்றுகிறது. விசிறியோ மோட்டாரின் வலுவால் சுழன்று காற்றைத் தள்ளுகிறது. எனினும், தகட்டின் வடிவமும் சாய்வுமே இரண்டிலும் பயனை நிர்ணயிக்கின்றன. தேயிலைத் தொழிலே இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியதுண்டு. 1864இல் அஸ்ஸாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலை பயிரிடச் சென்ற சாமுவேல் டேவிட்சன் என்பவர், இலையை உலர்த்தும் இயந்திரங்களை ஆக்குவதில் ஈடுபட்டார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் ‘சிரோக்கோ’ இயந்திரசாலையைத் தொடங்கினார். சில நீண்ட தகடுகளுக்குப் பதிலாக, சுழலும் திசையை நோக்கி வளைந்த பல குறுந்தகடுகளை உருளை வடிவில் அடுக்கிய விசிறிக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். இன்று மோட்டார் வண்டிகளின் குளிரூட்டிகளிலும் இவ்வடிவ விசிறிகள் வழங்குகின்றன.

வாட்டத்தில் காற்றின் பங்கு

பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீர் உண்டு. சுருட்டுவதற்கேற்ற பதமாக அது நூற்றுக்கு 55 பங்களவிற்குக் குறைதல் வேண்டும். அதாவது, 100 கிலோ கொழுந்தினின்று ஏறத்தாழ 50 கிலோ நீரைக் காற்று சுமந்து செல்லவேண்டும். இதற்குப் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் ஆகிறது. காற்று சீராகப் பரவாவிடின் ஓரிடத்துக் கொழுந்து காய்ந்தும் மற்றோரிடத்தது ஈரமாகவும் இருக்கும். பெண்கள் மழையிலும் பனியிலும் நின்று பறித்த நல்ல கொழுந்து, அதனாலேயே மட்டமான தேயிலையாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

விசிறித் தகட்டில் தூசியும் இலைத்துகளும் படிந்தால், காற்று தகட்டைத் தழுவி ஓடாது பிரிந்து குழம்பும். ஆதலின், மோட்டாரை நிறுத்தி மின்னிணைப்பைத் துண்டித்த பின்னர் தகடுகளைத் துடைத்தல் வேண்டும். தகட்டு நுனிக்கும் சுற்று வளையத்துக்கும் இடையே உள்ள இடைவெளி பெருகினால், தள்ளிய காற்று அவ்வழியே பின்னோக்கிக் கசியும். அதனையும் சோதித்துச் சரிசெய்தல் நன்று.

விசிறியின் வேகத்தை நூற்றுக்கு 20 பங்கு குறைத்தால் காற்றும் 20 பங்கே குறையும். ஆனால் வேண்டிய வலுவோ, 0.8 × 0.8 × 0.8 என்ற கணக்கின்படி, ஏறத்தாழப் பாதியாகிவிடும். கொழுந்தின் மேற்பரப்பில் ஒட்டிய நீர் அகலும் வரை மிகுந்த காற்று தேவை. பின்னர் இலையின் உள்ளிருந்து நீர் மெதுவாகவே வெளிவருவதால், காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி பொருத்திய தொழிற்சாலைகளுக்கு இது எளிது. மழைக்காலத்தில் ஈரமான காற்றை எவ்வளவு தள்ளினும் வாட்டம் ஏறாது. உலர், ஈர வெப்பமானிகளைப் பார்த்து அளவாக வெப்பக் காற்றைக் கலத்தல் வேண்டும்.

1925இல் நிறுவப்பெற்று, தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் இவற்றைப்பற்றி ஆலோசனை பெறலாம். வாட்டத்தைக் கவனிப்போர் அடுத்த முறை ஒரு பைன் விதை சுழன்று விழக் கண்டால், அதன் மெல்லிய இறகைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் தம் விசிறித் தகட்டையும் ஒருமுறை பார்ப்பாராக.